புறம்போக்கு அலைவரிசையும் ஒரு ரப்பர் பேண்டும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் இன்னும் பெரிய அதிகாரியாக ரிடையர் ஆகியிருப்பேன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை எப்படிப் படிப்பது, ஆண்டெனாவை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். காற்றில் வருகிற ரேடியோ அலை இடைஞ்சலைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் தொழில். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அதை நான் செஞ்சியில், ஒரு மொட்டைமாடியில், கையில் ஒரு ரப்பர் பேண்டை வைத்துக்கொண்டு நின்றபோது கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசை என்று உங்கள் பாடத்தில் நீளமாக எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் அது புறம்போக்கு. ஊர்ப் புறம்போக்கில் மாடு மேயலாம், வைக்கோல் போர் போடலாம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம். பட்டா மட்டும் கேட்கக் கூடாது. கார் சாவி, கம்பியில்லாத காலிங் பெல், கேட் ரிமோட், காதில் மாட்டிக்கொள்கிற ப்ளூடூத் எல்லாம் அந்த மாதிரி இடங்களில்தான் மேய்கின்றன. நிபந்தனைகள் ரொம்ப எளிமையானவை. சக்தி குறைவாக இருக்க வேண்டும். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது. அடுத்தவர் தந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை நம் ஆபீஸுக்குக் கிடைத்த வரம். கார் சாவி வேலை செய்யவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால், 'இந்த அலைவரிசைக்குப் பாதுகாப்பு கிடையாது, பொறுத்துக்கொள்ளவும்' என்று பதில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம். நானும் அப்படி எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். நசீமா வருகிற வரைக்கும்.

நசீமா செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் பழைய கார்கள் வாங்கி விற்பவர். கணவர் இறந்த பிறகு தனியாளாக நின்று அந்தத் தொழிலைப் பிடித்தவர். நம்முடைய 'பொறுத்துக்கொள்ளவும்' பதில் கிடைத்த கையோடு காரை எடுத்துக்கொண்டு நேரே சென்னைக்கு, நம் ஆபீஸுக்கு வந்துவிட்டார். என் மேஜைமேல் ஒரு பையைக் கவிழ்த்தார். அத்தனையும் கார் சாவிகள். கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு கிடந்தன.

"சார், பொறுத்துக்கணும்னு எழுதி இருக்கீங்க. எம்மாம் நாளைக்குப் பொறுக்கணும்னு எழுதலையே?"

என்னைக் கையோடு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வந்த கார் நின்றுகொண்டிருந்தது. சாவியை அமுக்கினார். அது கீக் என்று சமர்த்தாகத் திறந்தது.

"பாத்தீங்களா? மெட்ராஸ்ல தொறக்குது. எங்க ஊர்ல, என் கடையில தொறக்க மாட்டேங்குது. வண்டி மேல தப்பா, ஊர் மேல தப்பா? நீங்களே சொல்லுங்க."

"சாவிக்குள்ளேயே இரும்புச் சாவி இருக்குமே அம்மா, அதை விட்டுத் திறக்கலாமே?" என்றேன், புத்திசாலி மாதிரி.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. "தொறக்கலாம் சார். அப்பிடித் தொறந்தா பாதி வண்டி, திருடன் வந்துட்டான்னு நெனச்சிக்கினு கத்த ஆரம்பிச்சுடும். அந்தச் சத்தத்த நிறுத்தணும்னா ரிமோட்டத்தான் அமுக்கணும். அதுதான் வேலையே செய்யலையே! வண்டி பாக்க வந்த குடும்பம் காதப் பொத்திக்கினு ஓடுது. சாவியே இப்பிடி இருந்தா இன்ஜின் எப்பிடி இருக்கும்னு பேசிக்கினே போவுது."

தை மாதத்திலிருந்து ஒரு வண்டி நகரவில்லையாம். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. இடத்தின் சொந்தக்காரர் சித்திரை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். டைல்ஸ் கடை வைக்க ஒருவர் வருகிறாராம். நசீமா அதைச் சொல்லும்போது குரல் தழையவில்லை, கண் கலங்கவில்லை. ஆனால் மேஜைமேல் கிடந்த சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் அதிகாரியிடம் போய், இந்த ஒரு முறை மட்டும் என்று கெஞ்சி வண்டி வாங்கினேன்.

வண்டி என்றால் நம் பெரிய வேன். கூரையில் ஆண்டெனா, பக்கத்தில் அரசு முத்திரை, உள்ளே திரை போட்ட மெஷின்கள். நானும் டிரைவரும் செஞ்சிக்குள் ஊர்வலம் மாதிரி நுழைந்தோம். வெயிலில் கோட்டை மலை பாறை பாறையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நசீமாவின் கடை வாசலில் நிறுத்தி மெஷினைப் போட்டேன். திரை சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு இடைஞ்சல் இல்லை.

"அமுக்குங்க பாக்கலாம்," என்றேன்.

நசீமா ஒவ்வொரு சாவியாக அமுக்கினார். ஒவ்வொரு காரும் கீக், கீக் என்று குருவி மாதிரி கத்திக்கொண்டு திறந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒழுங்காக வேலை செய்கிற வண்டிகளைப் பார்த்து ஒரு கார் வியாபாரி அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "சத்தியமா சார், காலையில கூட ஒண்ணும் தொறக்கல சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போது பின்பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இடத்தின் சொந்தக்காரர் கோவிந்தசாமி. அந்தக் கார் கடை இருப்பது அவர் வீட்டு முன்பக்கத்து நிலத்தில். வீட்டுக்குப் பின்னால் அவருடைய மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். நல்ல மனுஷர். முகத்தில் உண்மையான வருத்தத்தோடு பேசினார்.

"நான் சொல்லலையா சார்? எடம் அப்பிடி. கோட்டைக் காத்து நேரா வந்து எறங்குற எடம் இது. இங்க இரும்பு ஆவாது. வாஸ்து பாக்குறவர் தெளிவா சொல்லிட்டாரு. கவர்மெண்ட் வண்டி வந்தா அடங்கிப் போவும். நீங்க அந்தாண்ட போனா மறுபடியும் ஆரம்பிச்சுடும் பாருங்க."

"டைல்ஸ் மட்டும் ஆகுமா?" என்றேன். எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

"டைல்ஸ் மண்ணு சார். மண்ணுக்கு மண்ணு ஒத்துப் போவும். இந்தப் பொண்ணு நஷ்டப்படுறத என்னால பாக்க முடியல. என் தங்கச்சி மாதிரி. அதான் வேற நல்ல எடமா பாத்துக்கோன்னு சொல்றேன்."

அவர் பேச்சில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. நாங்கள் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் நசீமா போன் செய்தார். "சார், மறுபடியும் போச்சு." வேனைத் திருப்பினோம். உள்ளே நுழைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் கோட்டைக் காற்றின்மேல் சந்தேகம் வந்தது. நான் படித்த படிப்புக்கு இது பெரிய அவமானம்.

தலை சுற்றிப்போய், கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ மாஸ்டர் மரியாதையாக பெஞ்சைத் துடைத்துவிட்டார். டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. காசும் வேண்டாம் என்றார். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ரகசியமாக, "கவலப்படாதீங்க சார். வேன் வளைவுல திரும்பும்போதே எல்லாரும் கழட்டிட்டாங்க. இந்தத் தெருவுல நீங்க ஒரு கொக்கிகூடப் பிடிக்க முடியாது," என்றார்.

"என்ன கொக்கி?"

"நீங்க ஈ.பி. ஸ்குவாடுதான?"

புரிந்ததா? கூரையில் என்னென்னவோ சுழலும் அரசாங்க வேனைப் பார்த்ததும் தெருவே அதை மின்திருட்டுப் பிடிக்க வந்த படை என்று முடிவு கட்டிவிட்டது. உடனே வீட்டுக்கு வீடு மாடி ஏறி, மாட்டக் கூடாத வயர்களை உருவி, மாட்டியிருக்க வேண்டாத பிளக்குகளைப் பிடுங்கி, சட்டத்தை மதிக்கும் குடிமக்களாகக் கீழே இறங்கி நின்றது. அப்படிப் பிடுங்கியதில் நம் இடைஞ்சலும் ஒன்று. அதைத்தான் நாங்கள் மறுபடி மறுபடி விரட்டிக்கொண்டிருந்தோம். இதை எழுதிக்கொள்ளுங்கள்: தேடுகிறவன் யார் என்று ஊர் நினைக்கிறது என்பதும் நம் வேலைக்கு வேண்டிய தகவல்தான்.

அடுத்த வாரம் நான் மட்டும் பஸ்ஸில் போனேன். அன்றைக்குப் பார்த்து நசீமாவின் கடைக்கு வல்லத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. புருஷன், பெண்டாட்டி. ஒரு வெள்ளைக் காரைப் போட்டோவில் பார்த்துப் பிடித்துப்போயிருந்தது. "இவங்களும் போயிட்டா, நான் டைல்ஸ்காரர்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போறேன் சார்," என்று நசீமா போனில் சொல்லியிருந்தார். ஆகவே அந்தக் குடும்பம் வருவதற்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சின்ன ரிசீவரைத் துணிப்பையில் போட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு, கைக்கடக்கமான ஆண்டெனாவை எடுத்துக்கொண்டேன். இடைஞ்சல் ஜோராக இருந்தது. காதுக்குள் இடைவிடாமல் ஒரே கரகரப்பு. முதல் பத்தடியிலேயே ஒருவர், "சார், இன்னா ஸ்கோர்?" என்றார். பேட்டிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் மகிழ்ச்சியாகப் போனார்.

ஆண்டெனா மறைக்கிற பொருளில்லை. இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, கவட்டை மாதிரி இருக்கும். அதை முன்னால் நீட்டிக்கொண்டு, நாலடி நடந்து, நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, சத்தம் கூடுகிற பக்கம் மறுபடியும் நாலடி நடந்தேன். இப்படிக் கவட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவனைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. மணிலாக் கொல்லைக்காரர்கள் ஒன்றுதான் நினைப்பார்கள்.

"சார்! சார்! நீரோட்டம் பாக்குறவரா நீங்க?"

கோவிந்தசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். நான் தொப்பி போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. வேன் இல்லாத அதிகாரியை யாருக்கு அடையாளம் தெரியும்? "போர் போட ஒரு பாய்ண்ட் பாத்துக்கினே இருக்கேன் சார். இருக்குற போர்ல தண்ணி பத்தல. வாங்க சார், உங்களுக்கு இன்னா வேணுமோ செஞ்சுடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் காதில் கரகரப்பு எகிறியது. ஆண்டெனா நேராக அவர் வீட்டைக் காட்டியது.

"இந்தப் பக்கம்தான் இழுக்குது," என்றேன். அது உண்மைதானே.

"வீட்டுப் பக்கமா? கொல்லைப் பக்கம் இழுக்கலையா?" என்று அவருக்கு ஏமாற்றம். ஆனாலும் என்னைப் பெரிய மரியாதையோடு வீட்டுக்குள் அழைத்துப் போனார். அவர் மனைவி ஒரு சொம்பு மோர் கொடுத்தார். ஆண்டெனா மாடிப்படியைக் காட்டியது. மாடி ஏறினேன்.

"மாடியில தண்ணியா?" என்று பின்னாலேயே வந்தவருக்கு இப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், நேர் கீழே நசீமாவின் கார்கள் வரிசையாக நிற்க, ஒரு ரிமோட் இருந்தது. மோட்டார் போடுகிற ரிமோட். அதிலிருந்து சட்டத்துக்கு ஒவ்வாத நீளத்தில் ஒரு ஆண்டெனா வானத்தைப் பார்த்து நின்றது. பேட்டரிக்குப் பதிலாக ஒரு சார்ஜர் வயர். ஆன் பட்டன் அமுங்கியே இருக்கும்படி அதன்மேல் ஒரு சோளத் தக்கை, அதைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

"இது என்னங்க?"

"இதுவா?" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தானே கண்டுபிடித்ததைக் காட்டக் கிடைத்த சந்தோஷம். "நம்ம மூளை சார். த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும், எப்ப போவும்னு எவனுக்கும் தெரியாது. மணிலா விழுது எறங்குற நேரம், ஒரு தண்ணி தப்புனா காய் பொக்காப் போயிடும். நான் எம்மாம் நேரம் இந்த பட்டன அமுக்கிக்கினே உக்காந்திருப்பேன்? அதான் ரப்பர் பேண்டப் போட்டுட்டேன். இது அமுங்கியே இருக்கும். கரண்டு வந்த நிமிஷம் கொல்லையில மோட்டாரு தானா எடுத்துக்கும். பேட்டரி சும்மா சும்மா தீந்து போச்சு, அதுக்கு சார்ஜரக் கோத்துட்டேன். கடைக்காரன் பெரிய ஆண்டெனாவும் போட்டுக் குடுத்தான்."

"எப்போதிருந்து?"

"தை மாசம் வெதச்சதுலேருந்து."

"ஈ.பி. வேன் வந்தபோது?"

"அத்தக் கழட்டி உள்ள வச்சேன். இலவச கரண்டுல ஓடுற கொல்லை மோட்டாருலயே வீட்டு டேங்குக்கும் தண்ணி ஏத்திக்கறேன், அது வேற தெரிஞ்சுதுன்னா..." என்றவர் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க நீரோட்டம் பாக்குறவரு இல்லையா?"

இங்கேதான் கீழே அலறல் கேட்டது. வல்லத்துக் குடும்பம் வந்துவிட்டது. நசீமா கார் சாவியின் பட்டனை அமுக்கிப் பார்த்து, முடியாமல், வேறு வழியில்லாமல் இரும்புச் சாவியை விட்டு வெள்ளைக் காரைத் திறந்துவிட்டார். கார் ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு நான்கடி பின்னால் போய்விட்டார். நசீமா சாவியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கோ அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார்.

விதிப் புத்தகத்தை உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அளவுக்கு மீறிய கருவியைக் கண்டால் தொடாதே. இருக்கிற நிலையில் போட்டோ எடு. அளவு எடு. சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிடு. கையெழுத்து வாங்கு. பிறகு பறிமுதல் செய். இது முழுக்க முடிவதற்குள் வல்லத்துக் குடும்பம் வல்லத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். விதி தப்பில்லை, அதை எழுதியவர் கீழே கத்திக்கொண்டிருக்கும் காரை யோசிக்கவில்லை. நான் ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

கீழே கார் சட்டென்று அடங்கியது. கீக் என்று ஒரு சத்தம். நசீமா கையில் இருக்கிற சாவியைத் தானே நம்பாமல் பார்த்தார்.

கோவிந்தசாமி என் கையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடியும் என் கையைப் பார்த்தார். விவசாயி லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. சுவரோரம் போய், ரிமோட்டின் பட்டனைக் கட்டைவிரலால் தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "யம்மா நசீமா! சாவிய அமுக்கு!" என்று கத்தினார்.

நசீமா அமுக்கினார். கார் அசையவில்லை.

விரலை எடுத்தார். "இப்ப அமுக்கு!"

கீக்.

"இன்னொரு வாட்டி!"

மாடியில் அவர் பட்டனைப் பிடிப்பதும் விடுவதுமாக, கீழே நசீமா அமுக்குவதுமாக, வல்லத்துக் குடும்பம் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதுமாகக் கொஞ்ச நேரம் போனது. நம் ஆய்வகத்தில்கூட இத்தனை ஒழுங்காக ஒரு பரிசோதனை நடந்து நான் பார்த்ததில்லை. முடிவில் கோவிந்தசாமி மாடியில் வெயிலில் காய்ந்த தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடம் இல்ல. காத்து இல்ல. நானா சார்? நாந்தானா?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் யார் என்பதையும், கார் சாவி பேசுகிற அதே அலைவரிசையில் அவர் ரிமோட் ஓயாமல் கத்தி அதன் குரலை அமுக்கிவிட்டது என்பதையும் சொன்னேன். ரிமோட்டை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்பதையும், மோட்டார் கொட்டகையிலேயே ஆட்டோ சுவிட்ச் ஒன்றை மாட்டினால் இந்தக் கூத்தே வேண்டாம் என்பதையும் சொன்னேன். பிறகு என் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். இந்த ஆள் வெட்கப்பட்டால் அந்த வெட்கம் கோபமாகத் திரும்பும், அந்தக் கோபத்தில் நசீமாவை நாளைக்கே காலி செய்யச் சொல்வார் என்பது என் கணக்கு. ஆகவே, "நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்," என்றேன். அவர் தலையாட்டினார்.

கீழே போனோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி அதிகார தோரணையில் விளக்கினேன். வல்லத்துக்காரர் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி மட்டும் மசியவில்லை.

"சாவி வேலை செய்யுது, சரி. ஆனா இந்த எடமே ஆவாதுன்னு சொல்றாங்களே? எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல கூட பேசிக்கினாங்க. இங்க இருந்த இரும்ப வீட்டுக்கு எடுத்துக்கினு போனா தோஷமும் கூடவே வரும்னு. டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப் போறதும் எடத்தோட ராசிதான சார்?"

அலையை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எங்கேயோ கல்யாண வீட்டில், பந்தியில், வெற்றிலைத் தட்டைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. அதை அளக்க நம்மிடம் எந்த மீட்டரும் கிடையாது. நசீமா என்னைப் பார்த்தார். சாவி சரியாகிக்கூட இந்த வியாபாரம் கைவிட்டுப் போகிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது கோவிந்தசாமி முன்னால் வந்தார். ரப்பர் பேண்ட் அவர் மணிக்கட்டில் இருந்தது. எப்போது மாட்டிக்கொண்டாரோ தெரியாது.

"யம்மா, அந்தப் பேச்சு என் பேச்சு. நாந்தான் ஊரு பூரா சொன்னேன். எடத்துக்கு ஒரு கொறையும் இல்ல. டிரான்ஸ்ஃபார்மரும் இல்ல, இந்த சார் என் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்றாரு. எங்க மாடியில என் ரிமோட்டு இருந்துது. அதால தான் இந்தப் பொண்ணு வண்டி எதுவும் தொறக்கல. கொறை என் கையில இருந்துது, நான் எடத்த ஏசிட்டேன்."

அந்த அம்மாள் நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். கோவிந்தசாமி ரிமோட்டைச் சார்ஜரோடு கொண்டுவந்து, கடையில் பிளக்கைச் செருகி, ரப்பர் பேண்டை மாட்டிக் காட்டி, கழற்றிக் காட்டினார். கடைசியில் அந்த அம்மாளே தன் கையால் மாட்டிக் கழற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பறிமுதல் செய்ய வேண்டிய பொருள் நாலு கை மாறியதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த வல்லத்துக்காரர் ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "கரண்டு வந்தா மோட்டாரு தானா எடுத்துக்குதா? இத்த எங்க வாங்குனீங்க?"

"சார்!" என்று நான் கத்தினேன். ரிமோட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சும்மா கேட்டேன் சார்," என்றார் அவர். அப்புறம் இருவரும் வெள்ளைக் காரைச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, பானெட்டைத் தூக்கிப் பார்த்து, எல்லோரும் செய்கிற சடங்கையெல்லாம் செய்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் நசீமா வெடித்தார். "தையிலேருந்து என் மூஞ்சியப் பாத்து எடம் ஆவாது, எடம் ஆவாதுன்னு சொன்னீங்களே அண்ணே! நான் ராத்திரியெல்லாம் தூங்காம, என் ராசிதான் இப்பிடியோன்னு நெனச்சி நெனச்சி அழுதிருக்கேன்!"

"சொன்னேன்மா. தப்புதாம்மா. டைல்ஸ்காரன் கிட்ட நானே பேசிக்கறேன். எடம் உன்னுது, நீ இருக்குற வரைக்கும் இரு."

"நான் இருக்கறேன். ஆனா யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்க எல்லார்கிட்டயும் போய் இல்லன்னு சொல்லணும். நான் காது குளிரக் கேக்கணும்."

கோவிந்தசாமி திகைத்துப் போனார். "எல்லார்கிட்டயுமா? அது நெறைய பேர் ஆச்சேம்மா."

"வண்டி இருக்குது. ஏறுங்க."

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கண்டுபிடிப்பது நம் கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டுபிடித்த பிறகு யார் என்ன பேச வேண்டும் என்பதையும் நாமே தீர்மானித்துவிடக் கூடாது. கோவிந்தசாமி வெட்கப்பட்டு எகிறுவார் என்று கணக்குப் போட்டு, அவரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆளை நான் சின்னவராக நினைத்துவிட்டேன். என் பொய் வேலைக்கு ஆகவில்லை. அவர் சொன்ன உண்மைதான் ஆயிற்று.

சாயங்காலம் பஸ்ஸுக்காகக் கூட்டுரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நீலக் கார் அங்கிருந்த டீக்கடை வாசலில் வந்து நின்றது. நசீமா ஸ்டியரிங்கில் இருந்தார். பக்கத்து சீட்டில் கோவிந்தசாமி கண்ணாடியை இறக்கி, டீ மாஸ்டரைக் கூப்பிட்டு, மணிக்கட்டை நீட்டி ரப்பர் பேண்டைக் காட்டி, கதை முழுவதையும் ஆதியிலிருந்து சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நசீமா மட்டும் சிரிக்காமல், ஒரு வார்த்தையும் விட்டுப் போகாமல் இருக்கிறதா என்று கணக்கு வாத்தியார் மாதிரி கவனித்துக்கொண்டிருந்தார். நடுவில் கோவிந்தசாமி எதையோ விழுங்கப் பார்த்தபோது, "சார்ஜரு? அத்தச் சொல்லலையே?" என்று எடுத்துக் கொடுத்தார்.

கார் புறப்பட்டு என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க சார், திண்டிவனத்துல விட்டுடறேன்," என்றார் நசீமா.

"நேரா போற வழியா?"

"கொஞ்சம் சுத்து சார்," என்றார் கோவிந்தசாமி, பின் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு. "தொண்டூர்ல என் சம்பந்தி இருக்காரு. அவருகிட்ட கொஞ்சம் அதிகமாவே சொல்லிட்டேன்."